பத்து மீட்டர் பைப்பும் நான்கு பட்டதாரிகளும்

ராணிப்பேட்டைக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் பைப்பிங் பயிற்சிக் கூடம் ஒன்று இருந்தது. அங்கே அந்த வருடம் நான்கு பேர் படித்தார்கள். நான்கு பேருமே தங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள். ஆகவே மேலே இருப்பவர்கள் எதைச் சொன்னாலும் ஓர் எழுத்து பிசகாமல் செய்துவிட வேண்டும் என்று பயந்தார்கள்.

அதிலும் சுடலைமணிக்குத்தான் பயம் அதிகம். அவன் பயிற்சியில் சேர்ந்ததையே வேலை கிடைத்துவிட்டதாக நினைத்து, அவன் அம்மா தெரு முழுக்கக் கேசரி கொடுத்துவிட்டாள். தெருவும் சாப்பிட்டுவிட்டது. இனி வேலை இல்லாமல் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது.

கடைசி வாரம் அவர்களுக்குப் பாடம் நடத்திய வேதவல்லி மேடம் நால்வரையும் பின்பக்கத்து மைதானத்துக்கு அழைத்துப்போய் ஒரு வரைபடத்தைக் கொடுத்தார்.

"இந்தத் தொட்டியில இருந்து பத்து மீட்டர் பைப். நடுவுல ஒரு வால்வு. அந்தக் கடைசியில இன்னொரு தொட்டி. சனிக்கிழமை ரசாயன ஆலையில இருந்து அதிகாரி வர்றார். அவர் சரின்னு சொன்னா நாலு பேருக்கும் வேலை. நான் மூணு நாள் வெளியூர் போறேன். படத்துல என்ன இருக்கோ, அது இங்க இருக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்" என்றார்கள் நான்கு பேரும். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

பைப் வரைபடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தரையோடு தரையாகப் போகிற பைப்பைக்கூட முப்பது டிகிரி சாய்த்துத்தான் வரைவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரே தாளில் காட்ட அதுதான் வசதி. இதை முதல் நாளே வேதவல்லி மேடம் சொல்லியிருந்தார். ஆனால் அன்று நால்வரும் குறிப்பெடுப்பதில் மும்முரமாக இருந்ததால் யார் காதிலும் விழவில்லை.

எஸ்தர் வரைபடத்தில் பாகைமானியை வைத்துப் பார்த்தாள். "முப்பது டிகிரி. ஏறுமுகம்."

"எதுக்குப்பா ஏறுது?" என்றான் கமருதீன்.

"அதை நாம ஏன் கேக்கணும்? வேலை வேணுமா வேணாமா?" என்றான் சுடலைமணி.

பைப் ஏறியது. பத்தாவது மீட்டரில் அது ஐந்து மீட்டர் உயரத்தில், ஆகாயத்தைப் பார்த்து நின்றது. இரண்டாவது தொட்டியைச் சாரம் கட்டி, சங்கிலி போட்டு மேலே இழுத்தார்கள்.

அடுத்து, படத்தின் மூலையில் வடக்குத் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தது. பொன்னுரங்கம் இரும்புத் தகட்டில் ஆள் உயரத்துக்கு ஓர் அம்பு வெட்டி, மைதானத்தின் மூலையில் சிமெண்ட் போட்டு நட்டான்.

வால்வில்தான் சிக்கல் வந்தது. வரைபடத்தில் பிற்பாடு திருத்திய இடத்தைச் சுற்றி மேகம் போல ஒரு வளையம் போடுவார்கள். மேடம் வால்வைத் திருத்தியிருந்தார்.

"வால்வைச் சுத்தி மேகம் இருக்கு" என்றாள் எஸ்தர்.

நால்வரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஏப்ரல் மாத வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"மழைக்காலம் வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா?" என்றான் பொன்னுரங்கம்.

"சனிக்கிழமைடா பரீட்சை! எங்கம்மாவுக்கு நீ போய்ப் பதில் சொல்றியா?"

கடைசியில் கமருதீன் மெத்தைக் கடையிலிருந்து இரண்டு கிலோ பஞ்சு வாங்கிவந்தான். வால்வைச் சுற்றிக் கட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் உண்மையான மேகம் போலவே இருந்தது என்று நால்வரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை அதிகாரி ஆதிமூலம் வந்தார். கூடவே வேதவல்லி மேடமும் வந்தார். பைப்பைப் பார்த்ததும் மேடம் அருகிலிருந்த நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

ஆதிமூலம் பைப்பைச் சுற்றி வந்து பார்த்தார். பைப்பின் இரண்டு முனைகளையும் அடைத்து, உள்ளே தண்ணீரை அழுத்தத்தில் ஏற்றச் சொன்னார். அரைமணி நேரம் ஆயிற்று. அழுத்தமானியின் முள் அசையவில்லை. ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

"வெல்டிங் பிரமாதம்" என்றார் அவர். "ஆனா பைப் எதுக்குய்யா மொட்டை மாடிக்குப் போகுது?"

"படத்துல அப்படித்தான் சார் போகுது" என்றான் சுடலைமணி. வரைபடத்தை அவர் முன்னால் நீட்டினான்.

அவ்வளவு நல்ல வெல்டிங் செய்தவர்களைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. பதிவேட்டை வாங்கித் தன் கைப்பட எழுதினார்: 'பைப் எல்லா இடத்திலும் தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நால்வருக்கும் வேலை.' கையெழுத்தும் போட்டார். "பத்து நாள் தர்றேன். சரி பண்ணுங்க."

மேடம் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்தார். "ஞாபகம் வெச்சுக்கங்க. சோதனையில தேறின பைப்பை யாரும் தொடக் கூடாது. தொட்டீங்கன்னா மறுபடி சோதிக்கணும்."

அன்று மாலை நால்வரும் கூடி யோசித்தார்கள்.

"பைப் முப்பது சென்டிமீட்டர் உயரத்துல இருக்கணும்."

"ஆனா பைப்பைத் தொடக் கூடாது."

"அப்போ மிச்சம் என்ன இருக்கு?"

பிறகு பொன்னுரங்கம் மெதுவாகக் கீழே பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"பைப் மேல தப்பே இல்ல. தரைதான் கீழ இருக்கு" என்றான் அவன்.

பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டிய மண் மலையாகக் குவிந்திருந்தது. யாராவது எடுத்துப்போனால் போதும் என்று காத்திருந்தார் மனைக்காரர். ஒன்பது நாள் நால்வரும் மண் சுமந்தார்கள். தண்ணீர் தெளித்து, மிதித்து, கட்டையால் தட்டி இறுக்கினார்கள். வடக்கு அம்பு அடியோடு புதைந்துபோனது. அது படத்தில் இருக்கிறதே என்று எஸ்தர் தவித்தாள். அதனால் மேட்டின் மேல் புதிதாக ஒன்று நட்டார்கள்.

பத்தாம் நாள் ஆதிமூலம் வந்து டேப்பை வைத்து அளந்தார். அடிவாரத்தில் முப்பது சென்டிமீட்டர். பாதி மேட்டில் முப்பது. மூச்சு வாங்க உச்சிக்கு ஏறி அங்கும் அளந்தார். முப்பது. தான் எழுதிய வரியை இரண்டு முறை படித்தார். அது அவர் கையெழுத்துதான்.

மேட்டின் உச்சியிலேயே உட்கார்ந்து நான்கு வேலை உத்தரவுகளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுடலைமணி தன் உத்தரவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சார், உங்க ஆலையில மொத்தம் எவ்வளவு நீளத்துக்குப் பைப் இருக்கும்?"

"நாற்பது கிலோமீட்டர்."

நால்வரும் கலவரத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மண் நீங்க தருவீங்களா சார்," என்றான் சுடலைமணி, "இல்ல, நாங்களே கொண்டு வரணுமா?"