யானைக் கொட்டாரத்துக்கு அடித்த முரசு

வெகுகாலத்துக்கு முன்னே மருங்கூர்ச் சீமையை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்தது உடனே நடந்தாக வேண்டும் அவனுக்கு. ஒரு கோடையில் கோட்டைக் கிணறுகள் வற்றிப்போகவே, யானைகளைக் கட்டிவைக்கும் கொட்டாரத்தை ஆற்றங்கரைக்கு மாற்றச் சொன்னான்.

"பாகன்மாரை நானே பார்த்து விவரம் சொல்லிவிடுகிறேன், மகாராஜா," என்றார் மந்திரி நக்கனார்.

சபையில் இன்னொரு அதிகாரியான மழவராயருக்கு அவர்மேல் தீராத பொறாமை. அவர் சிரித்தார். "யானை கட்டுகிறவனுக்கு மந்திரி போய் விளக்கம் சொல்வதா? ராஜாவின் கௌரவம் என்னாவது? முரசடித்தால் போதும்!"

கௌரவம் என்றதும் ராஜா தலையாட்டிவிட்டான். மழவராயர் முரசறையச் செய்தார்: "நாளை முதல் கோட்டைக்குள் யானைக் கொட்டாரம் கிடையாது!" ஏன், எங்கே, ஒன்றும் இல்லை.

பிழைப்பே போனதென்று பாகன்மார் கலங்கினார்கள். தலைமைப் பாகன் சேந்தன், மனைவி நங்கையோடு அயல்நாட்டுக்கு வேலை தேடிக் கிளம்பினான். வழியில் வெயில் தாங்காமல் விழுந்து செத்துப்போனான். நங்கை தனியாகத் திரும்பி வந்தாள்.

சேதி கேட்ட நக்கனாருக்குச் சோறு இறங்கவில்லை. ராஜாவிடம் போனார்.

"அவன் அவசரப்பட்டால் நானா பொறுப்பு? அறிவித்தோமே! அதில் குறையிருந்தால் நிரூபியும்," என்றான் ராஜா.

மறுநாள் காலை அரண்மனை வாசலில் முரசு அதிர்ந்தது: "இன்று முதல் மகாராஜா இந்த அரண்மனையில் உறங்கமாட்டார்!"

ராஜா பதறி வாசலுக்கு ஓடிவந்தான். கலகமா? விஷமா? காவலர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மழவராயரோ தன் நகைப்பெட்டியைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நக்கனாரே! நீர் அடிக்கச் சொன்ன முரசாமே! என்னை என்ன செய்யப்போகிறீர்?"

"பள்ளியறை உத்தரத்தைக் கரையான் அரித்துவிட்டது, மகாராஜா. சரிசெய்யும்வரை வசந்த மண்டபத்தில் படுக்கை போட்டிருக்கிறோம்."

"இவ்வளவுதானா? அதைச் சொல்லித் தொலைத்தால் என்னய்யா? உயிரே போய்..." ராஜா பாதியில் நிறுத்தினான். முகம் கறுத்துவிட்டது.

மழவராயரின் பதவி அன்றே பறிபோனது. நக்கனாருக்கு ராஜா தன் முத்தாரத்தைக் கழற்றி நீட்டினான். அவர் வாங்கவில்லை. "ஆற்றங்கரைக்கு வந்து பாகன்மாரிடம் நீங்களே விவரம் சொல்லுங்கள், அது போதும்," என்றார்.

ராஜாவே போய், யாருக்கும் வேலை போகவில்லை, கொட்டாரம்தான் இடம் மாறுகிறது என்று பாகன்மாரிடம் சொன்னான். அவர்கள் தலைகுனிந்து கேட்டார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற நங்கை, மந்திரியைப் பார்த்துக் கேட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கு இதை யார் போய்ச் சொல்லுவாங்க, சாமி?"