சாமியின் குரல்

எங்கள் மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்து நான்கு. சீடர்களில் பாதிப் பேர் பென்ஷன் வாங்குகிறவர்கள். சாமி ஒன்று சொன்னால் "உத்தரவு" என்று சொல்லிவிட்டுச் செய்ய வேண்டியதுதான். ஏன், எதற்கு என்று கேட்கும் வழக்கம் இல்லை. மூன்று குருமார்கள் காலமாக அப்படித்தான்.

சாமி திருச்சிக்குப் போயிருந்த ஒரு நாள், அமிர்தவல்லி அம்மாளுக்குப் போன் வந்தது. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர் அவர்.

"அம்மா, ஒரு சிக்கல்ல மாட்டிக்கிட்டேன். உடனே பணம் அனுப்புங்க. மடத்துல யாருக்கும் தெரிய வேண்டாம்."

அச்சு அசல் சாமியின் குரல்.

"உத்தரவு சாமி" என்றார் அம்மாள். கண் ஆபரேஷனுக்கு வைத்திருந்ததை அப்படியே அனுப்பினார்.

சாயங்காலம் சாமி திரும்பி வந்ததும், "சிக்கல் தீர்ந்துதா சாமி?" என்று ரகசியமாகக் கேட்டார். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது.

இணையத்தில் கிடக்கும் சாமியின் சொற்பொழிவுகளிலிருந்து குரலை எடுத்துக் கம்ப்யூட்டரில் போலிக் குரல் செய்திருக்கிறார்கள் என்று போலீசில் சொன்னார்கள். புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்கள். அம்மாள் அன்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவர்தான். இரண்டு நாளாகச் சாப்பாடு இல்லை. பெட்டியைக் கட்டிவிட்டார், நாலு மணி பஸ்ஸில் போகப்போகிறார் என்று தெரிந்தது. எங்கே போவார் என்று அவருக்கே தெரியாது.

ஞானசிகாமணி ஐயாவுக்கோ கோபம். தாலுகா ஆபீஸில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். மோசடிக்காரர்களிடம் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று மடத்தில் வகுப்பே எடுத்தவர். சாப்பாட்டுக் கூடத்தில் அவர் ஒட்டிய நோட்டீஸ் இன்னும் இருக்கிறது. நேரே சாமியிடம் போனார். நானும் கூட இருந்தேன்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சாமி. அந்தம்மா முதல் வரிசையில உக்காந்து கேட்டாங்க. வயசானவங்களுக்கு இதை எப்படித்தான் புரிய வைக்கிறது?"

அவருக்கு வயது அறுபத்தெட்டு.

சாமி அவரை அருகில் அழைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ஐயா, உங்க மூக்குக் கண்ணாடியைக் கழட்டிக் குளத்துல போட்டுட்டு வாங்க. இப்பவே போங்க. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

"உத்தரவு சாமி."

போனார். திரும்பி வரும்போது சுவரைத் தடவிக்கொண்டு வந்தார்.

"போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன்."

"குளத்துல முழங்கால் தண்ணிதான், அப்புறம் எடுத்துக்கலாம். உங்க நோட்டீஸ்ல முதல் வரி என்ன?"

"அவசரப்படுத்தினால் சந்தேகப்படு."

"அடுத்தது?"

"யாரிடமும் சொல்லாதே என்றால்..." ஐயா பாதியில் நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "ஆனா சொன்னது நீங்களாச்சே சாமி" என்றார்.

"அந்தம்மாவும் என்கிட்ட அதையேதான் சொன்னாங்க."

ஐயாவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஊருக்கு உபதேசம் என்று மனத்துக்குள் கேலி செய்ய நினைத்தேன், முடியவில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் நானும் ஓடியிருப்பேன்.

"தப்பு அவங்க மேல இல்லை" என்றார் சாமி. "கேள்வி கேக்காத சீடர்களை வச்சுக்கிட்டு சுகமா இருந்தது நான். இனிமே நான் எது சொன்னாலும், ஏன்னு என்கிட்டயே திரும்பக் கேளுங்க."

ஐயா விடவில்லை. "குரு வாக்கையே சந்தேகப்பட்டா, அப்புறம் பக்தின்னு என்ன மிச்சம் சாமி?"

சாமி எழுந்து அமிர்தவல்லி அம்மாளின் அறைக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். மணி மூன்றரை.

"அம்மா, கதவைத் திறங்க. நீங்க எங்கேயும் போக வேண்டாம்."

கதவு திறக்கவில்லை.

பிறகு உள்ளிருந்து கம்மிய குரல் வந்தது.

"அன்னிக்கும் இதே குரல்தான் அம்மான்னு கூப்பிட்டுது. இப்போ பேசறது நீங்கதான்னு நான் எப்படி நம்பறது?"

ஐயா திடுக்கிட்டு என் கையைப் பிடித்தார். எங்கள் மடத்தில் எந்தச் சீடரும் எந்தக் குருவிடமும் கேட்டிராத கேள்வி அது.

சாமி கதவை நோக்கிக் கைகூப்பினார்.

"நம்ப வேண்டாம்மா. திறந்து பாருங்க."