மூன்று பேருக்கு ஒரே ஆறு மணி

மதுரை பழங்காநத்தத்தில் பரஞ்சோதி என்று ஒருவர். மின்வாரியத்தில் உத்தியோகம், முதல் மாடியில் குடியிருப்பு. தங்கமான மனிதர்தான். ஆனால் ‘முடியாது’ என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும் தலை தானாக ஆடிவிடும். அந்தத் தலையாட்டல் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் கதை.

புது ஸ்மார்ட் டிவி வாங்கக் கடைக்குப் போனார். “படம் பாக்கவா சார், கேம் ஆடவா?” என்று கேட்டார்கள். “ரெண்டுக்கும்தான்” என்றார். போச்சு! ஃபோர்கே என்றார்கள், நூற்றிருபது ஹெர்ட்ஸ் என்றார்கள், படத்துக்கு ஒரு மோட், கேமுக்கு வேறு மோட் என்றார்கள். சுவர் நிறைய டிவிகளில் ஒரே கிளி பறந்தது. ஒன்றில் பச்சை, அடுத்ததில் அதைவிடப் பச்சை. எது நிஜக் கிளி நிறம் என்றே அவருக்கு மறந்துவிட்டது. கடைசியில் ஐம்பத்தைந்து இஞ்சில் ஒன்றைக் கைகாட்டினார். வீட்டிலிருந்த ஒரே பழைய டிவியும் எக்ஸ்சேஞ்சில் போயிற்று. ஞாயிறு நாலு மணிக்கு ஆள் வந்து மாட்டித்தருவார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வம்பு அதன் பிறகுதான் ஆரம்பித்தது.

வியாழக்கிழமை மகள் நறுமுகை வந்தாள். கல்லூரியில் முதலாண்டு. ஆன்லைன் கார் ரேஸில் அரையிறுதி வரை வந்துவிட்டாள். ஞாயிறு சரியாக ஆறு மணிக்குப் போட்டி. ஜெயித்தால் சென்னையில் இறுதிப் போட்டி. பத்து நிமிடத்துக்குள் உள்ளே வராதவர் பெயரை அடித்துவிடுவார்கள். செல்போனில் ஆட முடியாது, போட்டிக்குப் பதிந்திருக்கும் அவளுடைய கேம் பெட்டியை டிவியில் சொருகித்தான் ஆட வேண்டும். “டிவி வந்ததும் மொதல்ல நான்தானேப்பா?” என்றாள். “நீதான்டா கண்ணு” என்று தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை மனைவி சௌந்தரம். அவளுடைய தம்பி முதன்முதலாக எடிட்டிங் செய்த படம் ஞாயிறு ஆறு மணிக்கு ஓடிடியில் வருகிறது. அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆனாலும், “வந்ததும் வராததுமா நான் பாத்துட்டு அவனுக்குப் போன் போடணுங்க” என்றாள். அதற்கும் தலையாட்டினார்.

சனிக்கிழமை அருப்புக்கோட்டையிலிருந்து அண்ணன் அருணகிரி வந்து இறங்கினார். வலது கண் ஏற்கெனவே போய்விட்டது. இடது கண்ணில் திங்கள் காலை பத்து மணிக்கு ஆபரேஷன். பார்வை நிற்குமா என்று கேட்டால், “பாப்போம்” என்பதற்கு மேல் டாக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. “சின்ன வயசுல நாம பாத்தோமே அந்தக் கப்பல் படம், அதை ஒரு தடவை பெருசா பாத்துரணும்டா. நாளைக்குச் சாயங்காலம் போடுவியா?” என்றார் அண்ணன். பரஞ்சோதி தலையாட்டியதோடு நிற்கவில்லை. “ஆறு மணிக்கு மொத ஆளா நீதாண்ணே” என்று சொல்லியேவிட்டார்.

ஞாயிறு வந்தது. டிவியை மாட்டியவர் கேம் பெட்டியையும் அவரே சொருகி, அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். ஐந்தரைக்கு டீ குடிக்கும்போது மூன்று பேரும் ஒரே நேரத்தில், “ஆறு மணிக்கு நான்...” என்று ஆரம்பித்தார்கள். உடனே நிறுத்தினார்கள். மூன்று முகமும் அவர் பக்கம் திரும்பின. பரஞ்சோதி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், என்னவோ பதில் அதில் எழுதியிருப்பது மாதிரி.

அருணகிரிதான் முதலில் எழுந்தார். “பிள்ளைக பாக்கட்டும்டா. நான் ஒரு நடை நடந்துட்டு எட்டு மணிக்கு வர்றேன்” என்று செருப்பை மாட்டினார்.

“படம் எங்க ஓடிப்போகப் போகுது?” என்று சௌந்தரம் எதிர்வீட்டுக்குப் பூக்கட்டப் போய்விட்டாள்.

நறுமுகை சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்தாள். “என் ஃப்ரெண்டு ஷாகிதா வீட்டுல போய் ஆடிக்கிறேன்பா. அங்கயும் பெரிய டிவிதான். பெரியப்பாவைக் கூப்பிட்டு உக்கார வைங்க.” கையில் அந்தச் செல்போனோடு மட்டும் படியிறங்கிப் போனாள்.

ஆறு மணி. முன்னறையில் பரஞ்சோதி மட்டும் தனியாக நின்றார். யாருக்கும் கோபமில்லை, யாரும் அழவில்லை, ஆனாலும் டிவி முன்னால் ஒருவரும் இல்லை. யாரைப் போய்க் கூப்பிடுவது? யாருக்கு என்ன தப்புச் செய்தோம்? ஒன்றும் விளங்காமல் ரிமோட்டை அமுக்கினார். ஐம்பத்தைந்து இஞ்சும் பளிச்சென்று எரிந்தது. ‘பார்ப்பது யார்? பெயரை இடவும்’ என்று கேட்டது டிவி. கீழே, கேம் பெட்டியின் சின்ன நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

வாசகரே, டிவி கேட்டதை விடுங்கள், நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். மூவருமே விட்டுக்கொடுத்ததாகத்தான் தெரிகிறது. இவர்களில் உண்மையில் விட்டுக்கொடுத்தது யார்?

விடை: கண்ணை நினைத்து அண்ணன் என்றுதானே சொல்ல வந்தீர்கள்? அவர் எட்டு மணிக்குத் திரும்பி வருவார், ராத்திரி முழுக்கக் கப்பல் படம் அவருக்காகக் காத்திருக்கும். சௌந்தரத்தின் படம் நாளைக்கும் இருக்கும். நறுமுகையின் ஆறு மணி மட்டும்தான் திரும்பி வராதது. ஷாகிதா வீட்டில் எத்தனை பெரிய டிவி இருந்து என்ன, கேம் பெட்டி இங்கே அல்லவா எரிந்துகொண்டிருக்கிறது! பரஞ்சோதிக்கு இது உறைத்தபோது மணி ஆறேகால். கீழே ஓடினார். கடைசிப் படியில் உட்கார்ந்து அவள் செல்போனில் தன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்திருந்தார்கள். “எனக்குத்தான் டிவி வேணும்னு ஏண்டா அப்ப சொல்லல?” என்றார். “சொன்னா நீங்க அதுக்கும் தலையாட்டுவீங்கப்பா” என்றாள். அவளைக் கையோடு மேலே கூட்டிவந்து, டிவி கேட்ட இடத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி ‘நறுமுகை’ என்று இட்டார். எட்டு மணிக்கு அண்ணன் கப்பல் படம் பார்த்தார். அவள் பெயரில்தான் பார்த்தார்.