எல்லைக்கல்லோடு அலைந்த வண்டி

முன்பொரு காலத்தில் வேங்கைநாட்டை உத்தண்டன் என்று ஒரு ராஜா ஆண்டான். கொடுக்கிற கை உள்ளவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

அவனுடைய மந்திரி தில்லைநம்பி. அவருக்கு ஒரே மகள் பூங்கோதை. மேற்கே கருங்காட்டு ராஜாவின் நாடு. இரண்டு நாட்டுக்கும் நடுவே, எந்த ராஜாவுக்குச் சொந்தம் என்று யாரும் அடித்துச் சொல்லாத ஊர்கள் கிடந்தன. அதில் ஒன்றில்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார். இப்போது பிள்ளையாண்டிருக்கிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? மந்திரியின் மனைவி வளையல் வாங்கி அடுக்கிவிட்டு, எப்போது போய் அழைத்துவரப் போகிறீர்கள் என்று தினமும் கேட்டாள். மந்திரிக்கும் ஏக்கம்தான். வெளியே சொல்லமாட்டார், அவ்வளவுதான். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் அவருக்கு முன்னால் சத்தம் போடுகிறவள் அந்தப் பெண். அவள் போனபிறகு உப்பில்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

அந்த நேரம் பார்த்துக் கருங்காட்டு ராஜாவின் தூதன் சபைக்கு வந்தான். வந்தவன் தன் பாஷையில் ஏதோ வேடிக்கை சொன்னான். சபையில் இருந்த மேற்குப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராஜாவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"எனக்குப் புரியாத பேச்சு என் நாட்டில் எதற்கு?" என்றான்.

மகுடேசன் என்று ஒரு பிரதானி. மந்திரி உட்காரும் ஆசனத்தின்மேல் அவனுக்கு வெகுநாளாய்க் கண். உடனே எழுந்தான். "மகாராஜா, நம் பேச்சு முடிகிற இடத்தில் எல்லைக்கல் நட்டுக் காவல் போட்டுவிடலாம். அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். என்ன, நம் மந்திரியாருக்குத்தான் சங்கடம். சம்பந்தி வீடு அந்தப் பக்கமாயிற்றே!"

வழி அடைந்தால் மகள் வரமுடியாது என்று மந்திரிக்குத் தெரியும். கெஞ்சினால் காரியம் கெட்டுவிடும் என்றும் தெரியும். அதனால் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நல்ல யோசனைதான் மகாராஜா. கல்லைத் தப்பான இடத்தில் நட்டால் மட்டும் ஊர் சிரிக்கும். எங்கே நடுவது என்று அந்தந்த ஊர்க்காரரையே கேட்கட்டும். 'அடுத்த ஊர்ப் பேச்சு எங்களுக்குப் புரியாது' என்று எந்த ஊர் சொல்கிறதோ, அங்கே நடட்டும். மகுடேசரே போய்வரட்டும். கல் நடுகிறவரை வழியை அடைக்கவேண்டாம்."

ராஜா சரி என்றான். தான் திரும்பும்வரை மந்திரி தலைநகரைவிட்டு அசையக்கூடாது என்று மகுடேசன் ஓர் ஆணையையும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினான். கல் மாட்டுவண்டியில் ஏறியது.

மந்திரி தவித்துப்போனார். மாதமோ ஏறுகிறது. மேற்கிலிருந்து வரும் வழிப்போக்கர்களை நிறுத்தி நிறுத்தி விசாரித்தார். அவர்கள் சொன்னதைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் தெளிந்தது.

முதல் ஊரில் மகுடேசன் கேட்டானாம். "நாங்க சரியாத்தான் பேசறோம். அடுத்த ஊர்க்காரங்கதான் ஒரு மாதிரி இழுப்பாங்க" என்றார்களாம். அப்படியானால் புரியாதா என்றதற்கு, "புரியாம என்ன? எம் பொண்டாட்டி அந்த ஊருதானே" என்றானாம் ஒருத்தன். அடுத்த ஊரில், கிழக்கே இருக்கிறவர்கள் வெட்டி வெட்டிப் பேசுவார்கள், மேற்கே இருக்கிறவர்கள் இழுப்பார்கள், சுத்தமான பேச்சு தங்களுடையதுதான் என்றார்களாம். ஆனால் இரண்டு பக்கமும் புரியும். இரண்டு பக்கமும் பெண் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். இப்படி ஒவ்வோர் ஊரிலும் பேச்சு ஒரு சொட்டு மாறும், வண்டி நகரும். ஒருகட்டத்தில் மகுடேசனுக்கே பாதிதான் புரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை. ஆனால் அடுத்த ஊர்ப் பேச்சு புரியாது என்று சொல்ல மட்டும் ஓர் ஊர்கூட இல்லை.

கடைசியில் வண்டி கருங்காட்டு ராஜாவின் கோட்டை வாசலில் போய் நின்றது. "எங்கள் வாசலில் கல் நடவந்தவன் யார்?" என்று காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்த ராஜா விஷயத்தைக் கேட்டு, வயிறு குலுங்கச் சிரித்து, அவனைப் போகவிட்டான். ஆனால் திரும்புவது எப்படி? சோறு கேட்கக்கூட மகுடேசனுக்கு வாயில்லை. ஓர் ஊர்க்காரர் அடுத்த ஊர் எல்லைவரை கொண்டுவந்து, அங்கே இருப்பவரிடம் சொல்லி ஒப்படைப்பார். அப்படிக் கைமாறிக் கைமாறிப் பூங்கோதையின் ஊருக்கு வந்து சேர்ந்தான். அவளுக்கு இரண்டு பக்கத்துப் பேச்சும் வரும். எந்தப் பெண்ணின் வழியை அடைக்கப் போனானோ, அந்தப் பெண்ணிடமே, "தாயே, என்னை ஊர் சேர்த்துவிடு" என்று கும்பிட்டான்.

வண்டி தலைநகருக்கு வந்தபோது கல்லுக்குப் பக்கத்தில் வைக்கோல் மெத்தையில் பூங்கோதை சாய்ந்திருந்தாள். மகுடேசன் மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தான்.

கருங்காட்டு ராஜா சொல்லியனுப்பி, ஊர் ஊராய்க் கைமாறி வந்த சேதியைச் சபையில் அவளே சொன்னாள்: "எங்கள் ஆளும் இதே மாதிரி கேட்டுக்கொண்டு கிழக்கே வந்தால், கல்லை உங்கள் சிங்காசனத்தின் காலடியில்தான் நடவேண்டியிருக்கும். வரட்டுமா?"

உத்தண்டன் சிங்காசனத்தைக் குனிந்து பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். தலைப்பிரசவத்துக்கு வரும் பெண்களுக்கெல்லாம் இனி அரண்மனை வண்டி போகும், அதை ஓட்டுவது மகுடேசன், போகிற வழிப் பேச்சையெல்லாம் அவன் கற்றுக்கொண்டாக வேண்டும் என்றான். மகுடேசன் தலை நிமிரவில்லை.

வளைகாப்பு முடிந்தது. மறுநாள் காலையில் மகள் முற்றத்தில் மேற்கே பார்த்து நிற்பதை மந்திரி கண்டார். பக்கத்தில் போனார்.

"எங்க ஊருல இந்நேரம் பனி இறங்கியிருக்கும்ப்பா" என்றாள். கடைசிச் சொல்லை அந்த ஊர்க்காரர்களைப் போலவே இழுத்தாள். "புள்ள பொறந்து மூணாம் மாசம் கொண்டு விட்டுடுவீங்கல்ல?"

"விடறேம்மா" என்றார்.

அவள் பார்த்த திக்கையே பார்த்துக்கொண்டு, அவரும் அங்கேயே நின்றார்.