பாறை அலை கேட்டவள்

"தப்பாச் சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு மாஸ்டர்" என்றாள் பவளக்கொடி. "கோர்வையா சொல்ல வராது எனக்கு. எட்டாங் கிளாஸோட நின்னவ நான்."

ரெஜினா மாஸ்டர் தன் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். கோவளம் கடற்கரையில் வருகிறவர்களுக்கெல்லாம் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறவள். பவளக்கொடியைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். போட்டிகளில் வாங்கிய கோப்பைகளை வைக்க இடமில்லாமல், கொட்டகையில் பலகைகளுக்கு நடுவே போட்டு வைத்திருந்தாள்.

"தப்பாவே சொல்லுங்கக்கா."

பவளக்கொடி சொன்னாள்.

கேளம்பாக்கத்துத் தையல் கடையில் கூட வேலை பார்க்கும் ஜமீலாவும் சுகுணாவும் அவளும் இலங்கைக்குப் போகிறார்கள். கோயில் குளம் பார்க்க அல்ல. மாஸ்டரிடம் மூன்று பேரும் கற்றுவரும் சர்ஃபிங் செய்ய.

மூன்று பேருக்கும் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தது அவள். எந்த மாதம் தென்கரையில் கடல் சாதுவாக இருக்கும் என்று விசாரித்தது அவள். ஜமீலாவுக்கு ஹலால் சாப்பாடு, சுகுணாவின் முழங்காலுக்குப் பட்டை, மூன்று பேருக்கும் முழுக்கை வைத்த நீச்சல் உடை. எதையும் விடவில்லை. நீச்சல் உடையை அவளே தைத்துவிட்டாள்.

"வீட்டுல கரண்டு பில் கட்டப் போனாக்கூட, 'உனக்குத் தெரியாது, விடு'ம்பாங்க மாஸ்டர். இப்போ வெளிநாட்டுக்கு ரெண்டு பேரை நான் கூட்டிட்டுப் போறேன்."

சொல்லும்போது அவள் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது.

"அழகுக்கா" என்றாள் மாஸ்டர். "அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

கழுத்து மறுபடி தாழ்ந்தது.

"அங்கே தங்குற இடத்துல தர்ஷினின்னு ஒரு பொண்ணு. அவதான் கடலுக்கும் கூட்டிட்டுப் போவா. போன்ல ஒண்ணு கேட்டா. நீங்க புதுசா, பழகின ஆக்களான்னு."

"என்ன சொன்னீங்க?"

"பழகினவங்கன்னு சொல்லிட்டேன்."

மாஸ்டரின் கை நின்றது.

"அப்படின்னா உங்களைப் பாறை அலைக்குக் கூட்டிட்டுப் போறம்னு சொன்னா. அடியில மணலே கிடையாதாம். விழுந்தா பாறைதானாம். அன்னையிலருந்து எனக்குத் தூக்கமில்லை. என்னை விடுங்க, அந்த ரெண்டு பேரும் என்னை நம்பி வர்றாங்க."

"மாத்திச் சொல்லிடலாமே."

"எப்படி மாஸ்டர் சொல்றது?" பவளக்கொடிக்குக் குரல் ஏறியது. "இத்தனை வயசுல இந்த ஒண்ணுதான் எனக்குத் தெரியும்னு நான் வாய் விட்டுச் சொன்னது. பலகை மேலே நிக்கிறேன். நீங்களே கை தட்டினீங்க. அதையும் தெரியாதுன்னு சொல்லவா?"

மாஸ்டர் மெழுகைக் கீழே வைத்தாள்.

"போறதுக்குள்ள எனக்குப் பாறை அலை கத்துக்கொடுங்க. அது போதும்."

"ஞாயித்துக்கிழமை காலையில வாங்க" என்றாள் மாஸ்டர். "மூணு பேரும்."

ஞாயிற்றுக்கிழமை வேனின் தலையில் பலகைகளைக் கட்டி, மாஸ்டர் அவர்களைத் தெற்கே கூட்டிப்போனாள். வெகுதூரம் தள்ளி ஒரு மீனவக் குப்பம். அவர்களில் ஒருத்திகூட அதற்கு முன் பார்த்திராத கடற்கரை.

பவளக்கொடி முதல் ஆளாகக் குதித்து இறங்கினாள். வெறுங்காலோடு.

"ஏய், பழகினவளே" என்று கூப்பிட்டாள் ஜமீலா. "செருப்பை வேன்ல விட்டுட்டுப் போறியே. இவதான் நம்மளை வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறாளாம்."

"கடல்ல இறங்கச் செருப்பு எதுக்குடி?"

அலை சின்னதாகத்தான் இருந்தது. கோவளத்தில் இதைவிடப் பெரிய அலையில் அவள் நின்றிருக்கிறாள். இதற்கா இவ்வளவு தூரம்? கரையில் நின்ற ஒரு கொடிக்கம்பத்துக்கு நேரே போய், பலகையின் கயிற்றைக் கணுக்காலில் மாட்டி, தண்ணீரில் ஒரு காலை வைத்தாள்.

மாஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே கரைக்குக் கூட்டிவந்து விட்டுவிட்டு, வேனுக்குப் போனாள்.

திரும்பி வரும்போது மாஸ்டரின் தலையில் இருந்தது அவளுடைய பலகை அல்ல. முதல் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தடித்த நீலப் பலகை.

படகோரம் ஒருவர் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் அவர் எதிரில் போய் நின்றாள்.

"வணக்கம்ணே. நான் இந்தக் கடலுக்குப் புதுசு. எங்கே இறங்கலாம்?"

அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ அந்தக் கோவளத்துப் பொண்ணுதானே? பேப்பர்ல படம் வந்துச்சே, கோப்பையோட?"

"ஆமாண்ணே."

"உனக்கா நான் சொல்லணும்? கிண்டல் பண்றியா?"

"இல்லண்ணே. இந்தத் தண்ணியில நான் நனைஞ்சதில்லை."

அவர் நண்டைக் கூடையில் போட்டார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"கொடிக்கம்பத்துக்கு நேரா மட்டும் வேண்டாம்மா. கடல் அரிக்காம இருக்க அங்கே கல்லு கொட்டியிருந்தாங்க. அது சரிஞ்சு உள்ளே கிடக்கு. மேலே பார்த்தா தெரியாது. போன வருஷம் நம்ம பையன் ஒருத்தனுக்கே தாடை கிழிஞ்சுது. அதோ, அந்தச் சிவப்புப் படகுக்கு நேரா இறங்கு. மொத்தமும் மணல்."

சுகுணா பவளக்கொடியைப் பார்த்தாள். பவளக்கொடி தன் ஈரக் காலைப் பார்த்தாள்.

மாஸ்டர் சிவப்புப் படகுக்கு நேரே இறங்கினாள்.

முதல் அலையில் அவள் எழுந்து நிற்கவே இல்லை. பலகையில் குப்புறப் படுத்தபடியே வந்து, மணலில் முட்டி நின்றாள். இரண்டாவதிலும் அப்படியே. தலைமுடியெல்லாம் மண்.

"என்ன மாஸ்டர்" என்று கத்தினாள் சுகுணா. "கோப்பையெல்லாம் கடையில வாங்கினதா?"

மாஸ்டர் சிரித்துக்கொண்டே பலகையைத் திருப்பினாள்.

அடுத்த அலையில் எழுந்தாள். அவ்வளவு கனமான பலகை அவள் காலுக்கடியில் இலைபோல் திரும்பியது. நண்டுக்காரர் வாய்விட்டு, "அப்படிப் போடு!" என்றார். சுகுணா வாயை மூடிக்கொண்டாள்.

கரைக்கு வந்து, மாஸ்டர் முடியைப் பிழிந்தாள்.

பவளக்கொடி பக்கத்தில் போய் நின்றாள். மனசு கேட்கவில்லை.

"உங்களுக்கு ஒரு மாதிரியா இல்லையா மாஸ்டர்?"

"எது?"

"அந்த ஆளுக்கு உங்களைத் தெரிஞ்சிருக்கு. அவர்கிட்டப் போய்ப் புதுசுன்னு சொல்றீங்க."

"புதுசுதானேக்கா."

பவளக்கொடிக்கு அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. தனக்குத் தெரிந்ததைக் கேட்டாள்.

"பாறை அலை எப்போ சொல்லித் தருவீங்க?"

"சொல்லிக்கொடுத்துட்டேனே" என்றாள் மாஸ்டர். பலகையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தாள்.

பவளக்கொடி கொடிக்கம்பத்துக்கு நேரே இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது பார்க்க அத்தனை சாதுவாக இருந்தது.

பிறகு ஜமீலாவின் பையைத் திறந்து தன் போனை எடுத்தாள்.

"யாருக்குடி?" என்றாள் ஜமீலா.

"கிட்ட வா. சுகுணாவையும் கூப்பிடு."

இரண்டு பேரும் வந்தார்கள். பவளக்கொடி போனை ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது.

"சொல்லுங்கோ அக்கா" என்றது தர்ஷினியின் குரல்.

"தர்ஷினி, நான் பவளக்கொடி பேசறேன், இந்தியாவிலருந்து. உன்கிட்ட அன்னைக்குப் பழகினவங்கன்னு சொன்னேன் இல்லையா? நாங்க மூணு பேரும் புதுசும்மா."

"ஓ. அப்ப பாறைப் பக்கம் வேண்டாமோ?"

"வேண்டாம்."

நண்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பவளக்கொடி குரலைத் தாழ்த்தவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றினாள்.

"எங்களை மணல்ல இறக்கிவிடு. எங்க மாஸ்டரே அப்படித்தான் இறங்குவாங்க."