பத்து விளக்குப் படகு

ஒரு காட்டில் ஒரு பெரிய ஏரி. அதைக் கடக்க ஒரு மின்சாரப் படகு ஓடியது. அன்று பிற்பகல் அதில் இருந்தவர்கள்: படகோட்டி அழுங்கு, கரடி, குரங்கு, காட்டுக்கோழி. மொத்தம் நால்வர். முயலும் வருவதாகச் சொல்லியிருந்தது. வரவில்லை, ஆகவே கணக்கில் இல்லை.

அழுங்குக்கு உடம்பெல்லாம் செதில், குணமெல்லாம் கூச்சம். யாராவது உரக்கப் பேசினால் பந்துபோல் சுருண்டுகொள்ளும். ஆனால் எண்ணுவதில் தவறாது.

பேட்டரிப் பெட்டியின் மேல் பத்துப் பச்சை விளக்குகள் எரிந்தன. அணைந்தால் மறுபடி எரிய, கரையிலுள்ள சூரியத் தகட்டில்தான் இணைக்க வேண்டும். ஏரியில் அக்கரைவரை பன்னிரண்டு கம்புகள் நடப்பட்டிருந்தன. நிதானமாகப் போனால் இரண்டு கம்புக்கு ஒரு விளக்கு அணையும். இதை அழுங்கு நாற்பத்தொரு தடவை எண்ணிப் பார்த்திருந்தது.

கோழியின் ஐந்து முட்டைகள் அக்கரையில் இருந்தன.

"வெயில் மலைக்குப் பின்னால போயிட்டா கூடு குளிர்ந்துடும். அதுக்குள்ள நான் போய் உட்காரணும், அண்ணே."

"வெயில் மலையைத் தொடும்போது நாம கரையைத் தொடுவோம், தங்கச்சி" என்றது அழுங்கு, படகின் தரையைப் பார்த்தபடி.

நான்காம் கம்பு வந்தது. விளக்கு எட்டு.

"என்ன அண்ணே, மோட்டார் ஓடுதா, தூங்குதா? சத்தமே காணோம்!" என்றது குரங்கு.

படகின் பின்கோடியில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்த கரடி, "எருமை முதுகுல போற மாதிரி இருக்கு" என்றது.

"எட்டு விளக்கு எரியுதே! யார் கல்யாணத்துக்குச் சேர்த்து வெச்சிருக்கீங்க?" என்றது குரங்கு.

"கொஞ்சம் வேகமாப் போனாத்தான் என்ன, அண்ணே?" என்று கோழியும் கூவியது.

மூவரும் ஒன்றாகக் கத்தவும் அழுங்கு சுருண்டுவிட்டது. குரங்கு தாவி மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்து முழுதாகத் திருகியது.

படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. பின்னால் கரடி உயரத்துக்கு அலை எழுந்தது.

"அலையைப் பாருங்க! இதுதான் ஓட்டம்!"

கரடி கைதட்டியது. கோழி சிரித்தது.

செதில்களின் இடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. மெல்லிய குரல் ஒன்று எண்ணியது.

"அஞ்சாம் கம்பு. விளக்கு ஆறு."

"ஆறாம் கம்பு. நாலு."

"ஏழாம் கம்பு. ரெண்டு."

சிரிப்பு நின்றது. குரங்கு கைப்பிடியை விட்டது. நடு ஏரியில் படகு நின்றது.

"பேட்டரியில ஏதோ ஓட்டை இருக்கு!" என்றது குரங்கு.

"ஓட்டை இல்லை, தம்பி. அவ்வளவு பெரிய அலையைத் தூக்கினது யாருன்னு நினைச்சே? நம்ம பேட்டரிதான்."

"இன்னும் அஞ்சு கம்பு இருக்கே! என் முட்டைங்க..." கோழிக்கு அழுகை வந்துவிட்டது.

அழுங்கு கணக்குப் போட்டது. பழைய வேகத்தில் போனால் இரண்டரை விளக்கு வேண்டும். அரை விளக்கு குறைந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அது குரலை உயர்த்தியது.

"கரடியாரே, நடுவில வந்து உட்காருங்க! படகு மூக்கு தண்ணியில படியட்டும். டேய் குரங்கே, கையைக் கட்டு!"

தன் குரலுக்குத் தானே பயந்து பாதி சுருண்டது. பிறகு நிமிர்ந்து, கைப்பிடியை முன்பைவிடவும் குறைத்து வைத்தது.

பின்னால் அலையே இல்லை. தும்பி ஒன்று வந்து படகின் மூக்கில் உட்கார்ந்தது. குரங்கு அதை விரட்டக்கூடத் துணியவில்லை.

"அண்ணே, போறோமா, நிக்கிறோமா?" என்று கரடி கிசுகிசுத்தது.

"பத்தாம் கம்பு. விளக்கு ஒண்ணு."

எல்லாரும் அந்த ஒற்றை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டாம் கம்பில் படகு கரையை இடித்தது. வெயில் அப்போதுதான் மலையைத் தொட்டது. கோழி பறந்தடித்துக்கொண்டு ஓடிக் கூட்டில் உட்கார்ந்தது.

"அஞ்சும் சூடா இருக்கு, அண்ணே!"

"அவ்வளவு வேகமாப் போயும் நீங்க சொன்ன நேரத்துக்குத்தானே வந்திருக்கோம்!" என்று குரங்கு குறைப்பட்டுக்கொண்டது.

அழுங்கு எண்ணிக்கொண்டிருந்தது. இறங்கியவர் மூவர். முட்டை ஐந்து. கரடியின் பலாச்சுளை, ஒன்றுமில்லை. விளக்கு, மீதி ஒன்று.

நீதி: கையில் இருப்பது எவ்வளவு, போகவேண்டியது எவ்வளவு என்று எண்ணி ஓட்டுபவரே கரை சேர்வார்.