மணல் உட்கார்ந்த வாசல்

மீனும் நண்டும், ஏன், மணலும்கூடப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், கழிமுகத்துக்கு வாய் மூடத் தெரியாது. மாரியானாலும் கோடையானாலும் ஆறு கடலுக்குள் போகும். கடல் ஆற்றுக்குள் வரும். மேற்கே மலையில் உதிர்ந்த இலையின் வாசமும் கிழக்கே ஆழ்கடலின் உப்பும் ஒரே மடக்கில் கிடைத்த காலம் அது.

அந்த வாயைத் திறந்து வைத்திருந்தவை மடவை மீன்கள். நீர் வற்றும் வேளைதோறும் வரிசையாக நின்று, அடியில் படியும் மணலை வாலால் அடித்துக் கடலுக்குத் தள்ளும். வாசல் பெருக்குவது என்று அதற்குப் பெயர். கார்த்திகை வெள்ளத்தோடு பெண் மீன்கள் முட்டையிடக் கடலுக்குப் போய்விடும். பங்குனியில் அவை குஞ்சுகளோடு திரும்பும்வரை பெருக்குவது ஆண்கள் பாடு.

அந்த வருஷம் ஆண்களுக்குத் தலைவன் செவுளான். நடுவயது தாண்டியவன். அவன் மனைவி பூஞ்செதிலி கிளம்பும்போது, "ஏங்க, வாசல் பத்திரம். புள்ளைங்களோட வருவேன்" என்றாள்.

"நான் இருக்கேன்ல, போயிட்டு வா."

மாசி பிறந்தது. ஆறு மெலிந்தது. ஒருநாள் மணல் அவனிடம் கெஞ்சியது.

"அண்ணே, மலையிலேருந்து உருண்டு வர்றேன். ஆறு தள்ளுது, கடல் தள்ளுது, நீங்களும் அடிக்கிறீங்க. ஒரே ஒரு தடவை உட்கார்ந்துட்டுப் போறேனே?"

செவுளானுக்கு மனம் இளகிவிட்டது. "இன்னைக்குப் பெருக்க வேணாம்" என்று மற்றவர்களிடம் சொன்னான். மணல் உட்கார்ந்தது. உள்ளே அலை அடங்கியது. தண்ணீர் வெதுவெதுப்பானது, பாசி செழித்தது, கூர்பல் சீலா மீன் வேட்டைக்கு வரவில்லை. மறுநாளும் அவன் பெருக்கச் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும்.

கரையில் வளை தோண்டிக்கொண்டிருந்த நண்டு எட்டிப் பார்த்தது.

"என்ன மச்சான், வாசல்ல விருந்தாளி படுத்துட்டாரு போல? தங்கச்சி எந்த வழியா வரும், பறந்தா?"

"பாவம்யா, களைச்சுப்போய் வந்திருக்கு."

"களைப்பு அதுக்கா, உனக்கா?"

செவுளான் பாசிப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பங்குனியில் மணலின் முதுகு தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அப்போதுதான் பதறினான். மடவைகள் எல்லாம் கூடி வால் நோக அடித்தன. மணல் அசையவில்லை.

"உட்கார்ந்து பழகிட்டேன் அண்ணே. எந்திரிக்க மனசு வரல."

மேட்டுக்கு அப்பாலிருந்து குரல் கேட்டது. "ஏங்க! வாசல் எங்கேங்க?"

செவுளான் அடியில் போய், உடம்பை வளைத்து, தண்ணீரைக் கிழித்து எம்பினான். அதற்குமுன் எந்த மடவையும் அப்படிச் செய்ததில்லை. ஒரு கணம்தான். அந்தப் பக்கம் வெள்ளை நுரை. நுரைக்குள் பூஞ்செதிலி. அவளைச் சுற்றிப் பொடிப்பொடியாய் மினுக்கம்.

"பார்த்துட்டேன் புள்ளே!"

"நானும் பார்த்தேங்க! இன்னொரு தடவை எம்புங்க, புள்ளைங்களுக்குக் காட்டுறேன்!"

சித்திரை முழுக்க எம்பினான். வைகாசியில் அவள் குரல் நின்றது. அப்புறமும் எம்பினான். நுரை மட்டும் தெரிந்தது.

ஐப்பசி மழையில் ஆறு பெருகி மணல்மேட்டை உடைத்தது. கலங்கல் தண்ணீரில் குஞ்சுகள் திமுதிமுவென உள்ளே வந்தன. ஒன்று அவனருகே வந்து, "அப்பா!" என்றது.

"என்னை எப்படித் தெரியும்?"

"துள்ளுறவர்தான் அப்பான்னு அம்மா சொல்லிச்சு."

"அம்மா எங்கே?"

"சீலா வந்துச்சு. எங்களை நுரைக்குள்ள தள்ளிட்டு, அம்மா அதுக்கு முகங்காட்டி ஆழத்துக்கு இழுத்துட்டுப் போச்சு. இன்னும் வரல."

மணலுக்கு இரங்கினோமா, இல்லை வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஆசைப்பட்டோமா? செவுளான் தன்னையே கேட்டுப் பார்த்தான். கடைசிவரை அவனுக்குத் தெரியவில்லை. குஞ்சுகளை மேயவிட்டு, வாசலோரம் போய் மறுபடி எம்பினான்.

அன்று முதல்தான், உட்கார்ந்து ருசி கண்ட மணல் கோடைதோறும் வந்து கழிமுகத்தை அடைக்கிறது. துரத்துகிறவர் யாரும் இல்லாத அமைதியிலும் மடவை தண்ணீரை விட்டு எம்பி, கடல்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு விழுகிறது.